படிக்கட்டில் நின்ற பீரோ

வீடு மாறுவதைப் போன்ற தொல்லை உலகத்தில் வேறு இல்லை, மேடம். நாங்கள் ஒரு தடவை மாறினோம். என் மனைவியிடம் ஓர் இரும்பு பீரோ உண்டு, யானைக்குட்டி கனம். தூக்க வந்த ஆட்கள் அதைப் பழைய வீட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, புது வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் சிக்கவைத்துவிட்டார்கள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவர்களில் மேஸ்திரி போல இருந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏறிடுச்சு சார், இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போனவர் போனவர்தான். அந்த வாரம் முழுக்க என் மனைவி வேலைக்கு என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். அது எனக்கு இருந்ததைவிட அவளுக்குப் பொருத்தமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தொழிலைப் பற்றி உங்கள் நிபுணர்கள் எழுதிக்கொடுத்த விளக்கத்தை விசாரணை அறிக்கையில் படித்தேன். பாவம் நீங்கள். அதைப் படித்துவிட்டு ஒருவருக்குப் புரிந்திருந்தால் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்கிறேன், பீரோவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விவரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்றால் டேட்டாபேஸுக்கு அது இரண்டு வேலை. பழைய இடத்திலிருந்து எடுப்பது ஒன்று, புது இடத்தில் வைப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட வேண்டும். அந்த முடிச்சுக்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். இரண்டும் நடந்தால்தான் நடந்தது. புது இடத்தில் வைக்கும்போது ஏதாவது தட்டினால், எடுத்ததே நடக்கவில்லை என்று ஆக்கிவிட வேண்டும். பீரோ பழைய வீட்டின் பழைய மூலைக்கே திரும்பிவிட வேண்டும். அது ரோல்பேக். திரும்பிய கையோடு, மாற்ற முடியவில்லை, காரணம் இன்னது என்று திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வர வேண்டும். அவ்வளவுதான். தோல்வியை ஒழுங்காக நடத்தி வைப்பதுதான் என் தொழில். இதற்கு ஒரு பட்டமும் தலைமுடி மொத்தமும் செலவாயின.

எங்கள் அலுவலகம் உங்களுக்குத் தெரியும், சோதனைக்கு வந்திருக்கிறீர்கள். சிறுநீரகம் பழுதாகி மாற்று உறுப்புக்குக் காத்திருப்பவர்களின் வரிசையைப் பராமரிக்கிறோம். சிகிச்சை மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். எங்காவது ஓர் உறுப்பு கிடைத்தால், எல்லாப் பட்டியல்களையும் சேர்த்துத் தேடி, உடல் பொருந்துகிறவர்களில் அதிக காலம் காத்திருப்பவர் யார் என்று டாக்டர்களுக்குச் சொல்வோம். ஒருவர் மையம் மாறினால் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்து அந்தப் பட்டியலில் வைப்போம். அவர் காத்திருந்த காலமும் கூடவே போகும். கேட்பதற்கு எளிது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மாடி நிறைய ஆட்கள், மூளை மொத்தம் மூன்று, அதில் இரண்டு ஒப்பந்தத்துக்கு எடுத்தவை. மூன்றாவது என்னுடையது என்று சொல்ல ஆசைதான். என் மனைவி சாட்சிக்கு வரமாட்டாள்.

அந்தப் பட்டியல்களைக் கட்டியவன் நான். நான் எழுதிய காலத்தில் சிவப்புப் பெட்டி தினமும் வரும். பிறந்த தேதி வருங்காலத்தில் இருக்கும், ரத்த வகை இருக்கும் கட்டத்தில் தொலைபேசி எண் இருக்கும். டேட்டாபேஸ் வாங்க மறுக்கும், பெட்டி வரும், பதிவு மேசை அம்மா முனகிக்கொண்டே திருத்துவார். யாராவது புது வசதி கேட்டு வந்தால் நான் வேண்டாம் என்பேன். அதனால் எனக்கு 'வேண்டாம் சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் என் முதுகுக்குக் காது கேட்கும்.

அப்புறம் எங்கள் இயக்குநருக்கு ஒரு மகள் இருந்தாள், அவளுக்குக் கல்யாணம் ஆனது, எங்களுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள், வாசல் காவலாளிகூட. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். எதைக் கேட்டாலும் "ஆயிடுச்சு சார்" என்பார். முப்பது வயது, நல்ல பல்வரிசை, புது ஷூ. என்னுடைய நிரலை வாங்கி, ஒரே மாதத்தில் மாற்றி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு திரையில் ஒரு சிவப்புப் பெட்டியும் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் அதே மனிதர்கள். பதிவு மேசை அம்மாவின் கண்ணாடி அதே கண்ணாடி. ஆனால் தவறே நடப்பதில்லை. காய்ச்சலே வராத ஊர் என்று ஒன்று இருந்தால், அங்கே ஜனங்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைப்பீர்களா, தெர்மாமீட்டரை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று நினைப்பீர்களா?

நான் போய்க் கேட்டேன். எரர் வந்தால் உங்கள் நிரல் என்ன செய்கிறது என்று.

"புடிச்சுக்கும் சார்."

"புடிச்சு?"

"ஒண்ணும் பண்ணாது. அப்படியே விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். யூசருக்குத் தொந்தரவே இருக்காது பாருங்க."

அந்த மேஸ்திரியை மறுபடி பார்த்தது போல இருந்தது எனக்கு. எடுக்கும் வேலை நடக்கும். வைக்கும் வேலை தட்டும். நிரல் அந்தத் தட்டலை வாயைப் பொத்தி உட்காரவைத்துவிட்டு, பச்சையாக ஒரு டிக் போட்டு, எல்லாவற்றையும் கமிட் செய்துவிடும். அதாவது இனித் திரும்ப முடியாதபடி உறுதிசெய்துவிடும். பழைய வீட்டில் பீரோ இல்லை. புது வீட்டிலும் இல்லை. படிக்கட்டில் நிற்கிறது, ஆனால் டேட்டாபேஸில் படிக்கட்டு என்று ஓரிடம் கிடையாது.

இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. எல்லோர் முன்னிலையிலும் மாதாந்திரக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "நீங்க பாத்தப்ப தினமும் செகப்பு செகப்பா வந்துச்சு. மாப்ள வந்தப்புறம் ஒண்ணாவது வருதா? உங்களுக்கு என்னதான் சார் வேணும், எரர் வேணுமா?" என்றார். பிஸ்கட் தட்டைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் வலித்தது தெரிந்துவிடும். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, பெரிய மனது. என் பக்கம் பிஸ்கட் தட்டைத் தள்ளினார்.

வீட்டில் சொன்னேன். மனைவி சொன்னாள், "உங்களுக்கு யாராவது தப்பு பண்ணினாத்தாங்க சோறு எறங்கும். விடுங்களேன். உங்க பேரைக் கல்வெட்டுல வெட்டவா போறாங்க?" அவளுக்குத் தொழில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. பிடுங்கிவிட்டால் வலி போய்விடும் என்று நம்புகிற இனம்.

ஆகவே நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கேதான் உங்கள் அறிக்கை சறுக்குகிறது, கவனமாகக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் நான் ஒரு விதி முன்மொழிந்தேன். இனிமேல் எந்தப் பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்த்தாலும், அவருடைய பொறுப்பாளர் ஒருவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் டேட்டாபேஸ் ஏற்காது. நல்ல விதி. உறுப்பு கிடைக்கும்போது டாக்டர் கூப்பிட யாராவது வேண்டாமா? வேண்டாம் சாரே ஒன்றை வேண்டும் என்கிறாரே என்று எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் காலியாக உள்ள ஒருவர் மையம் மாறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது என்று எனக்குத் தெரியும். அந்த அறைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி ஒரு பீரோ வேண்டும்.

பூட்டு அண்ணனை எனக்கு முன்பே தெரியும். எங்கள் தெருமுனைக் கடைவளாகத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி அகலத்துக்கு இடம் வைத்துக்கொண்டு மாற்றுச்சாவி போடுகிறவர். தலைக்கு மேல் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் கிலுகிலு என்று சத்தம். ஒருமுறை நான் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். ஆமாம், நானேதான், தோல்வியை ஒழுங்காக நடத்தி வைக்கிறவன். பூட்டை உதைத்தும் பார்த்தேன். அவர் வந்து, முட்டி போட்டு, கம்பியை விட்டுக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பூட்டு மேல கோவப்படக் கூடாது சார். அது அதோட வேலையத்தானே செய்யுது" என்றார். அந்தப் பேச்சை நான் என் அலுவலகத்தில் ஒருவர் வாயிலிருந்தாவது கேட்டிருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கி ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அவ்ளோதான்ம்மா எனக்கு அளவு" என்றார். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். அப்போதுதான் தெரிந்தது, அவர் எங்கள் பட்டியலில் இருக்கிறவர் என்று.

பட்டியலில் இருப்பவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் அழுவார்கள், சிலர் மிரட்டுவார்கள், ஒருவர் தினமும் காலையில் வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் அனுப்புவார். பூட்டு அண்ணன் கூப்பிட்டதே இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கு வாய் அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குத்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா மகள் ஒருத்தி, துணிக்கடையில் வேலை, அவளோடு இருந்தார். அவளுக்கு வேறு கிளைக்கு மாற்றம் வந்தது. கடை இருந்த இடத்திலேயே இருக்கும், வீடு மாற வேண்டும், அதனால் சிகிச்சை மையமும் மாற வேண்டும். அதைச் சொல்லத்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாத்தினா என் வரிசை போயிடாதே சார்?"

"போகாதுண்ணே" என்றேன்.

அவர் பெயருக்கு எதிரே, பொறுப்பாளர் கட்டம் காலியாக இருந்தது.

பதிவு மேசை அம்மா மாற்றத்துக்கான பட்டனை அழுத்தும்போது நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் டீயோடு நின்றுகொண்டிருந்தேன். பச்சை டிக் வந்தது. "முடிஞ்சுதுண்ணே" என்றார் அந்த அம்மா. பூட்டு அண்ணன் உடனே கிளம்பவில்லை. அந்த மேசையின் இழுப்பறை இழுக்க வராமல் மாட்டிக்கொண்டிருப்பதை அதற்குள் பார்த்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

என் அறைக்கு வந்து பார்த்தேன். பழைய பட்டியலில் அவர் இல்லை. புதிய பட்டியலில் இல்லை. நான் சொன்னது சொன்னபடி, ஓர் எழுத்து பிசகாமல் நடந்திருந்தது. வாழ்க்கையில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மத்தியானம் வாய்க்கும்? அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மனைவியின் கணிப்பு ஒன்றாவது சரியாக இருக்கட்டும்.

அவர் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். மாற்றுவதற்கு முன்பே அவருடைய வரியை என்னிடம் பிரதி எடுத்து வைத்திருந்தேன். திரும்ப வைக்க வேண்டுமானால் கண்மூடித் திறப்பதற்குள் வைத்துவிடலாம். ஆனால் நானே வைத்தால் என்ன நடக்கும்? ஒரு தவறு நடந்தது, வேண்டாம் சார் திருத்திவிட்டார், மாப்பிள்ளை அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவ்வளவோடு போயிற்று. தவறை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். எல்லாப் பட்டியல்களையும் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆள் குறைவார். பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். தணிக்கைக்கு வருகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள், மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், நான் ஓரமாக நிற்பேன். அதுவரை உறுப்பு எதுவும் வந்துவிடாது என்று கணக்குப் போட்டேன். அபூர்வமாக வருகிற விஷயம் அது.

நான் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாள் நடைவழியில் மாப்பிள்ளையை நிறுத்தி, மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் மொத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஆயிடுச்சு சார் என்றார். என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. தணிக்கைக்காரர்களும் வந்தார்கள். நாற்காலிகளை எண்ணினார்கள், தீயணைப்பானில் தேதி பார்த்தார்கள். பட்டியலைத் திறந்து பார்த்து, எரரே இல்லாத நிர்வாகம் என்று பாராட்டி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்டவர்கள் மத்தியில்தான் நான் வேலை பார்த்தேன், மேடம். இது என் தற்காப்பு இல்லை. வெறும் வருத்தம்.

பூட்டு அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சை வேறு கணினியில் ஓடுவது. அங்கே அவர் பெயர் இருந்தது, வழக்கம்போலப் போய்வந்தார். ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

"தொந்தரவுன்னு நெனக்காதீங்க சார். அக்கா மக நச்சரிக்கிறா. என் பேரு அந்தப் பக்கம் போய்ச் சேந்துடுச்சா?"

"பத்திரமா இருக்குண்ணே."

"அப்ப சரி. வெக்கறேன் சார்."

பொய் சொல்லவில்லை. என்னிடம் பத்திரமாக இருந்தது.

உறுப்பு வந்தது ஒரு முற்பகல். மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மா எப்போதும் நேரடியாக என்னைத்தான் கூப்பிடுவார். தேடும் நிரலை ஓட்டினேன். முதல் பெயர், ஒரு பாட்டு டீச்சர். பிறகு என் பிரதியையும் சேர்த்து, தனியாக, எனக்காக ஓட்டிப் பார்த்தேன். முதல் பெயர் பூட்டு அண்ணன். ரத்தம், திசு, எல்லாம் பொருந்தியது. பாட்டு டீச்சரைவிட வெகுகாலம் முன்னாலிருந்து காத்திருப்பவர்.

டாக்டரம்மா லைனிலேயே இருந்தார்.

"லிஸ்ட் சரிதானே சார்?"

அப்போதும் சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. சொல்லியிருக்கலாம். அவர் வரியைத் திரும்ப வைத்திருந்தால், வைத்தது நான், வைத்த நேரம் இது என்று பதிவாகியிருக்கும். எல்லோரும் என்னைக் கேட்பார்கள்: உங்களுக்கு எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று. மாப்பிள்ளை பாட்டுக்குப் புது ஷூவைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அத்தனை நாள் பொறுமை வீண். இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைக்கவில்லை. கூட்டிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்தார் என்பது ஒரு நிரூபணம். அந்த ஆளுக்கு வரவேண்டியது வரவில்லை என்பது அதைவிடத் தெளிவான நிரூபணம். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்க முடியாது.

"சிஸ்டத்துல இருக்கறதுதான் டாக்டர் வந்திருக்கு" என்றேன்.

"நீங்க சொன்னா போதும்" என்று வைத்துவிட்டார். எனக்கு உண்மையிலேயே மரியாதை கொடுத்த ஒரே மனுஷி.

பாட்டு டீச்சர் நன்றாக இருக்கிறார்களாம். பாட ஆரம்பித்துவிட்டார்களாம். அந்தக் குடும்பத்தில் யாரும் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

பூட்டு அண்ணன் அடுத்த உறுப்பு வரும்வரை இருக்கவில்லை. சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அந்த அக்கா மகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. மாமா வரிசையில் எத்தனையாவதாக இருந்தார், எங்களுக்குத் தெரிந்துகொள்ளத்தான், என்றாள். பதிவு மேசை அம்மா தேடினார். மறுபடி தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார். அப்புறம்தான் மாடி முழுக்கக் கூடியது.

மாப்பிள்ளை தன்னுடைய நிரலைத் திறந்து, கொஞ்ச நேரத்தில் தானே கண்டுபிடித்தார். இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கக்கூடியவர் என்பது எனக்கு ஆச்சரியம்தான். நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகை என்பது தாமதமாக வந்த எரர் மெசேஜ், மேடம். நேரத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. மாமனார் கதவைச் சாத்தி, வெளியே விடாதே, பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாப்பிள்ளை கேட்கவில்லை. "என் தப்பு மாமா, நான்தான் பண்ணேன்" என்றார். அதையே அந்தப் பெண்ணிடமும் போய்ச் சொன்னார். வேலையை விட்டார். இப்போது வாரத்தில் பாதி நாள் பூட்டு அண்ணனுடைய சாவிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதற்கு ஒரு போர்டு எழுதி மாட்டினால் போதாதா? அப்போதும் வேலையைக் குறைக்கும் வழி தெரியவில்லை மனிதருக்கு.

நான் எதிர்பார்த்தது இதுதானே, பிறகு ஏன் இங்கே வந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் அறிக்கைதான் காரணம். கடைசிப் பக்கத்தில், 'எவராலும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாத தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அந்தக் கூட்டத்தில் சிரித்தது போலவே சிரிக்க வேண்டியிருந்தது. எவராலும் என்றால் என்ன அர்த்தம்? நான் அறிந்திருந்தேன். நடக்கும் முன்பே, நடக்கும்போதும், நடந்த பிறகும். ஒரு தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவனுடைய ஒரே சாதனையை நீங்கள் ஒரு வாக்கியத்தில் யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதிவைத்துவிட்டீர்கள். திருத்த வந்தேன்.

திருத்துவது என்று உட்கார்ந்த பிறகு அரைகுறையாகத் திருத்தக் கூடாது. அறிக்கையில் இன்னொரு பிழையும் இருக்கிறது. 'நோயாளியின் குடும்பத்தார் பொறுப்பாளர் பெயரைக் குறிப்பிடத் தவறியதே தொடக்கக் காரணம்' என்று ஒரு வரி. அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள். எங்கள் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் எழுதினேனா எழுதலையா என்று பதிவு மேசை அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுதின ஞாபகம் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர்ல இல்லைங்கறாங்களே, அப்ப நான்தான் மாமாவை விட்டுட்டேன்போல என்றாள். கடையில் துணி மடிப்பது போல, புடவை முந்தானையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நடைவழியில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சைப் பிசைந்தது. வாயுத் தொல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் எழுதியிருந்தாள். பெயர், உறவு, கைபேசி எண், மூன்றும். அவர் மையம் மாற மனு கொடுத்த அன்று, அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதே, நான் என் அறையிலிருந்து அந்தக் கட்டத்தைக் காலி செய்தேன். யார் எதைத் தொட்டார் என்று குறித்துவைக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. ஆகவே உங்கள் நிபுணர்கள் எத்தனை நாள் தோண்டினாலும் அது கிடைக்காது. நானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் இருந்தது, அழித்தது நான். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டீர்களே, பட்டியலில் அத்தனை பேர் இருக்க ஏன் அவர் என்று. நியாயமான கேள்வி. காலியாக்க யாருடைய கட்டத்தை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அந்த வாரம் மையம் மாறியவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் எனக்கு முகம் தெரியாதவர்கள். முகம் தெரியாத ஒருவரைப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு, நாளைக்கு நானே மறந்துபோய்விட்டால் என்ன செய்வது? அதனால்தான் தெரிந்தவராகப் பார்த்து எடுத்தேன். தினமும் காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அவருடைய வரியைத் திறந்து பார்ப்பேன், மேடம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்றவர்களுக்கு அவர் ஓர் எண். அந்தப் பட்டியலில் அவரை என் அளவுக்கு அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை.